டி18 டோனர்: முடி வெளிர் மஞ்சளுக்கு வந்தவர்களுக்கு மட்டும்

முதலில், ப்ளீச் செய்த முடியின் நிறத்தைச் சரிசெய்யப் பூசும் டோனர் மேல் எனக்கு நம்பிக்கையே போயிருந்தது. வேளச்சேரியில் ஒரு பார்லரில், ஒரே நாளில் சாம்பல் நிறம் வந்துவிடும் என்று சொல்லி ஒரு முறை ப்ளீச் போட்டார்கள், முடி இன்னும் ஆரஞ்சாக இருக்கும்போதே டோனரையும் பூசிவிட்டார்கள், அலசிப் பார்த்தால் அதே ஆரஞ்சு. காசு போனதைவிட "உங்க முடி அப்படி மேடம்" என்று சொன்னதுதான் பொறுக்கவில்லை. முடியில் ஒரு குறையும் இல்லை. நம் கருமுடி வெளுக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு என்று வந்து கடைசியில்தான் மஞ்சளாகும். டோனர் அந்த மிச்ச நிறத்தை எதிர் நிறத்தால் அடக்குமே தவிர, ப்ளீச் செய்யும் வேலையைச் செய்யாது. ஆரஞ்சை அடக்க நீலம் வேண்டும், மஞ்சளுக்கு ஊதா. டி18 ஊதா.

சில வாரம் முடிக்கு ஓய்வு கொடுத்து, தெரிந்த அக்கா ஒருவரிடம் மறுபடி ப்ளீச் செய்துகொண்டேன். வாழைப்பழத் தோலின் உள்பக்கம் இருக்குமே, அந்த நிறம் வந்த பிறகுதான் வெல்லா கலர் சார்ம் டி18 பாட்டிலையே திறந்தோம். டோனர் 1 பங்கு, 20 வால்யூம் டெவலப்பர் (டோனரை வேலை செய்யவைக்கும் பெராக்சைடு திரவம்) 2 பங்கு, பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்கி, துவட்டிய ஈர முடியில் பூசினோம். அமோனியா நெடி மூக்கில் ஏறும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். 30 நிமிடம் வரை வைக்கலாம் என்றாலும் கடிகாரத்தை நம்பாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு கற்றையை டிஷ்யூவில் துடைத்துப் பார்த்தோம். மேலே கத்தரிப்பூ நிறத்தில் அப்பியிருக்கும், துடைத்தால் அடியில் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது தெரியும். இருபதாவது நிமிடம் அலசிவிட்டோம். காய்ந்ததும் அப்படி ஒரு வெளிர் சாம்பல்! பிடரிப் பக்கம் மட்டும் லேசாக மஞ்சள் நின்றது, அங்கே ப்ளீச் சரியாக ஏறவில்லை.

பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே, ஒவ்வாமை வருகிறதா என்று காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்ப்பதை மட்டும் விடாதீர்கள்.

அப்புறம் நம்ம ஊர்த் தண்ணீர். எங்கள் ஃபிளாட்டில் போர் தண்ணீர்தான், பக்கெட்டில் செங்காவி படியும் அளவுக்கு இரும்பு. அதில் குளித்து இரண்டே வாரத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. இப்போது கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் இரண்டு சொம்பு, வாரம் ஒரு முறை ஊதா ஷாம்பு. ஐந்தாவது வாரம் ஓடுகிறது, நிறம் இன்னும் நிற்கிறது, அடுத்த பாட்டிலும் வாங்கி வைத்துவிட்டேன்.