கோடியாக் 100: மொழிபெயர்ப்பாளர் குடும்பங்களுக்கான சிறுவிமானம் – ஒரு பயணியின் மதிப்புரை

பப்புவா நியூ கினியின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பியிலிருந்து அந்நாட்டின் மலைநாட்டுக்குச் செல்லச் சாலை கிடையாது. கடற்கரை நகரமான லேயிலிருந்து கொரோகா, மவுண்ட் ஹேகன் ஆகிய ஊர்களுக்கு ஏறும் நெடுஞ்சாலை ஒன்று உண்டு. ஆனால் அந்தச் சாலையை விட்டு விலகிய எத்தனையோ பள்ளத்தாக்குகளுக்கு இன்றும் நடந்துதான் போக வேண்டும், இல்லையேல் பறந்து போக வேண்டும். 800-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் அந்த நாட்டில் வேதாகம மொழிபெயர்ப்புப் பணிக்காகக் குடியேறும் வெளிநாட்டு மிஷனெரிக் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையை ஒரு சிறுவிமானம் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதை, அங்கே மலைநாட்டில் ஆசிரியப் பணி செய்த காலத்தில் பார்க்க நேர்ந்தது. கோடியாக் 100 என்ற அந்த விமானத்தைப் பற்றி விமானிகள் எழுதிய மதிப்புரைகள் ஏராளம். இது பின்னிருக்கையில் அமர்ந்து சென்ற ஒருவரின் மதிப்புரை. ஒரு குடும்பத்துக்கு இது எவ்வளவு பயன்படுகிறது என்பதே இதில் நான் கைக்கொண்ட அளவுகோல்.

எஸ்.ஐ.எல். என்னும் மொழியியல் நிறுவனம் 1956 முதல் அந்நாட்டில் இயங்கி வருகிறது. கிழக்கு மலைநாட்டு மாகாணத்தில் கைனந்து என்ற சிற்றூருக்கு அருகில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரத்தில் உள்ள உகரும்பா அதன் மையம். பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், கடை, அச்சகம், அருகிலேயே ஐயூரா ஓடுதளம் என ஒரு சிறு நகரத்துக்குரிய எல்லாம் அங்கே உண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அங்கே வாழும் குடும்பங்களில் கணிசமானவை மொழிபெயர்ப்பில் நேரடியாக ஈடுபடுவதில்லை. விமானி, விமான மெக்கானிக், பள்ளி ஆசிரியர், கணக்கர், கணினிப் பொறியாளர், மருத்துவர் என்று அவர்கள் வந்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லை. சொந்த நாட்டுத் திருச்சபைகளும் நண்பர்களும் மாதந்தோறும் அனுப்பும் காணிக்கையே வருமானம். எனவே அவர்கள் பயன்படுத்தும் எந்தப் பொருளையும் மதிப்பிடும்போது, அதன் விலை யாரோ ஒரு சபையாரின் காணிக்கைப் பையிலிருந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

சிறுவிமானமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்த கதை ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த விபத்திலிருந்து தொடங்குகிறது. குவாத்தமாலாவில் கக்சிக்கல் மக்களிடையே பணிபுரிந்து, அவர்கள் மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த கேமரன் டவுன்சென்ட், 1947-இல் மெக்சிகோவின் சியாபாஸ் காட்டுப் பகுதியிலிருந்து மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் ஒரு வாடகைச் சிறுவிமானத்தில் புறப்பட்டார். விமானம் மேலெழும்பியதும் விழுந்து நொறுங்கியது. கணவனும் மனைவியும் படுகாயமடைந்தனர். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. காட்டுக்குள் குடும்பங்களை அனுப்பும் நிறுவனம் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தகுந்த விமானமும் தேர்ந்த விமானியும் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று அவர் உறுதியாக நின்றார். அதன் விளைவாக 1948-இல் ஜார்ஸ் என்ற விமான, வானொலிச் சேவை தோன்றியது.

அந்தக் காலத்தில் ஹீலியோ கூரியர் என்ற விமானம் இவர்களுக்கு வரமாக அமைந்தது. மிகக் குறைந்த வேகத்திலும் கட்டுப்பாடு இழக்காமல் பறக்கும் அதனால், கால்பந்துத் திடலைவிடச் சற்றே நீளமான புல்வெளியிலும் இறங்க முடிந்தது. பின்னர் செஸ்னா 206 பரவலாகப் பயன்பட்டது. இரண்டுமே ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோலில் ஓடுபவை. தொலைதூர நாடுகளில் அந்த எரிபொருள் கிடைப்பது அரிதாகிக்கொண்டே வந்தது. கிடைத்தாலும் விலை தாளவில்லை. ஜெட் விமானங்களுக்கான மண்ணெண்ணெய் வகை எரிபொருளோ எங்கும் கிடைத்தது. அந்த எரிபொருளில் ஓட வேண்டும், குட்டையான ஓடுதளத்தில் இறங்க வேண்டும், ஒரு குடும்பத்தையும் அதன் மூட்டை முடிச்சுகளையும் ஒரே நடையில் ஏற்ற வேண்டும் என்ற மூன்று தேவைகளையும் மனத்தில் வைத்து வரையப்பட்டதுதான் கோடியாக். மிஷன் விமானி ஒருவரும் விமான வடிவமைப்பாளர் ஒருவரும் சேர்ந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சாண்ட்பாயிண்ட் என்ற ஊரில் தொடங்கிய குவெஸ்ட் நிறுவனம் இதைத் தயாரித்தது. 2004-இல் முதன்முதலாகப் பறந்தது. 2007-இல் அமெரிக்க அரசின் சான்று பெற்றது. 2019-இல் பிரான்ஸ் நாட்டு டாஹேர் நிறுவனம் குவெஸ்டை வாங்கிக்கொண்டது.

இனி விமானத்துக்கு வருவோம். 750 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை பி.டி.6 டர்போபிராப் (புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன்) எஞ்சின், உடலின் மேற்புறத்தில் பொருத்திய இறக்கை, உள்ளிழுக்க முடியாத தடித்த சக்கரங்கள், விமானியையும் சேர்த்து 10 பேர் வரை அமர இடம். முழு எடையான 7,255 பவுண்டுடன் கடல் மட்டத்தில் ஆயிரம் அடிக்கும் குறைவான ஓட்டத்தில் மேலெழும்பும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. மலைநாட்டில் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 5,000 அடி உயரத்தில், வெயிலேறிய நேரத்தில், காற்று மெலிந்திருக்கும், எஞ்சினுக்கும் இறக்கைக்கும் பிடிமானம் குறையும், ஓட்டம் நீளும். ஆகவே விமானிகள் ஒவ்வோர் ஓடுதளத்துக்கும் தனித்தனியே பயிற்சி பெற்று, அதற்கென்று அனுமதி பெற்ற பிறகே அங்கே இறங்குகிறார்கள். பல ஓடுதளங்கள் மலைச்சரிவில் வெட்டப்பட்டவை. ஏறுமுகமாகத்தான் இறங்க வேண்டும், இறங்குமுகமாகத்தான் கிளம்ப வேண்டும். இடையில் மனம் மாறித் திரும்ப வழியில்லை.

இந்த இடத்தில்தான் கோடியாக்கின் வடிவமைப்பு தன் மதிப்பைக் காட்டுகிறது. இறக்கையின் வெளிப்பகுதியில் முன்விளிம்பு சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும். வேகம் மிகக் குறைந்து இறக்கையின் உட்பகுதி தூக்குவிசையை இழக்கத் தொடங்கினாலும் வெளிப்பகுதி தொடர்ந்து வேலை செய்வதால், விமானம் பக்கவாட்டில் சரிந்துவிடாமல் விமானியின் கைக்கு அடங்கியே இருக்கிறது. புரொப்பெல்லரின் நுனிக்கும் தரைக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி இருப்பதால் சரளைக் கல்லும் ஈரப் புல்லும் அதை எளிதில் சேதப்படுத்துவதில்லை. இடப்புறம் பின்பகுதியில் ஏறத்தாழ நான்கடிச் சதுரமான பெரிய கதவு இருக்கிறது. படுக்கையோடு நோயாளியை ஏற்றவும், மண்ணெண்ணெய்ப் பீப்பாயை உருட்டவும், கூரைத் தகடுகளை நுழைக்கவும் அந்தக் கதவு எவ்வளவு உதவுகிறது என்பது செஸ்னா 206-இன் சிறிய கதவோடு மல்லாடியவர்களுக்குத் தெரியும். இருக்கைகளை நிமிடக் கணக்கில் கழற்றிவிட்டுச் சரக்கு விமானமாக மாற்றிக்கொள்ளலாம். போகும்போது குடும்பம், வரும்போது கிராமத்தாரின் காப்பிக்கொட்டை மூட்டைகள் என்று ஒரே நாளில் இரு வேலையும் பார்ப்பது இதனால்தான் முடிகிறது.

ஒரு மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடிக்க 15 முதல் 20 ஆண்டுகள் ஆவது சாதாரணம். அத்தனை காலத்தில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, பள்ளி முடித்துவிடுகிறார்கள். சிறு வயதில் கிராமத்திலேயே தாயிடம் படிக்கும் பிள்ளைகள், மேல் வகுப்புகளுக்கு உகரும்பாவுக்குத்தான் வர வேண்டும். பெற்றோர் கிராமத்தில் இருக்கும் மாதங்களில் பிள்ளைகள் விடுதிப் பெற்றோருடன் (விடுதியில் பெற்றோரைப் போலப் பார்த்துக்கொள்பவர்களுடன்) தங்கிப் படிக்கும் ஏற்பாடு அங்கே நெடுங்காலமாக உண்டு. காட்டுவழியில் பல நாள் நடைத் தொலைவிலுள்ள கிராமம் விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது என்றால், அந்தப் பெற்றோர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லலாம். காய்ச்சல் கண்டால் ஓடி வரலாம். மொழிபெயர்ப்பு வேலைகள் பாதியில் நின்றுபோவதற்குக் குடும்பச் சூழல் ஒரு பெரிய காரணம் என்பதை அங்குள்ள யாரும் மறுக்க மாட்டார்கள். மொழி பிடிபடாமல் திரும்பியவர்களைவிட, பிள்ளைகளின் படிப்புக்காகவும் உடல்நலத்துக்காகவும் திரும்பியவர்களே அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இந்த விமானத்தைப் பணிக்கான கருவி என்று சொல்வதைவிட, குடும்பம் அந்நாட்டில் தாக்குப்பிடிப்பதற்கான ஏற்பாடு என்று சொல்வதே பொருந்தும்.

விமானம் கிராமத்தில் இறங்கும்போது பயன்பெறுவது வெளிநாட்டுக் குடும்பம் மட்டுமல்ல. பிரசவ வலியில் தவிக்கும் தாயையும் மலேரியா முற்றிய குழந்தையையும் அதே விமானம் ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வருகிறது. ஓடுதளத்தின் புல்லை வெட்டி, மழைநீர் வடியக் கால்வாய் எடுத்து, பன்றிகள் உள்ளே வராமல் காத்துக்கொள்வது கிராமத்தாரின் உழைப்பு. அந்த உழைப்பு நின்றால் எவ்வளவு நல்ல விமானமும் அங்கே இறங்க முடியாது.

பயணியாக அமர்ந்து பார்த்தால் சொகுசு என்று சொல்ல எதுவுமில்லை. ஏறுவதற்கு முன் பயணியையும் பையையும் எடை போடுவார்கள். கூச்சப்படுபவர்களுக்கு அது சங்கடமான வேளை. ஆறு மாதத்துக்குத் தேவையான அரிசி, டின் மீன், மருந்து, சூரிய மின்கலம் எல்லாவற்றையும் கிலோக் கணக்கில் எழுதி வைத்து, எதை விடுவது என்று குடும்பத் தலைவிகள் கணக்குப் போடும் திறமை வியக்கத்தக்கது. உள்ளே இரைச்சல் அதிகம் என்பதால் காதில் ஹெட்செட் மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடு இல்லாத விமானம் என்பதால், 4,509 மீட்டர் உயரமுள்ள வில்ஹெல்ம் சிகரத்தைப் போன்ற மலைகள் நிறைந்த நாட்டில், மேகத்துக்கு மேலே நிம்மதியாகப் பறந்துவிடலாம் என்று எதிர்பார்க்க முடியாது. பிற்பகலில் மேகம் மலைகளை மூடிவிடும். பயணங்களைக் காலையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். மேகம் கலையாமல் பயணம் நாள் கணக்கில் தள்ளிப்போவதும் உண்டு. ஆனால் ஜன்னல்கள் பெரியவை. உயரத்திலுள்ள இறக்கை கீழே பார்ப்பதை மறைப்பதில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு வாந்தி வருவது குறைகிறது என்பது பெற்றோருக்குச் சின்ன விஷயமல்ல.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. 1972-இல் பப்புவா நியூ கினியில் மொழிபெயர்ப்புப் பணியைச் சார்ந்த விமானம் ஒன்று விழுந்து அதில் இருந்த 7 பேரும் இறந்தார்கள். இத்துறையில் உள்ள எவரும் அதை மறந்துவிட்டுப் பேசுவதில்லை. கோடியாக்கில் எஞ்சின் ஒன்றுதான். பி.டி.6 வகை எஞ்சின்கள் உலகெங்கும் நெடுங்காலமாக உழைத்து நற்பெயர் எடுத்தவை என்றாலும், கீழே கண்ணுக்கெட்டிய வரை காடாக இருக்கும்போது அந்த ஒன்றை மட்டுமே நம்பியிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் முழுதாக அகன்றதில்லை. இரட்டை எஞ்சின் விமானம் வேண்டுமென்றால் இத்தகைய சின்ன ஓடுதளங்களில் சிலவற்றைக் கைவிட வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. செஸ்னா கேரவன் என்ற, இதைவிடப் பெரிய ஒற்றை எஞ்சின் விமானம் இன்னும் கூடுதலாகச் சுமக்கும். ஆனால் அதற்கு நீளமான தளம் வேண்டும். ஓடுதளமே இல்லாத ஊர்களுக்கு ஹெலிகாப்டர் ஒன்றுதான் வழி. அதன் மணிக்கணக்குச் செலவோ இதைவிட மிக அதிகம்.

இறுதியாக விலை. புதிய கோடியாக் ஒன்று 20 லட்சம் டாலரைத் தாண்டிவிடுகிறது. மிஷன் நிறுவனங்களுக்கென்று ஒரு பங்கு விமானங்களை அடக்க விலையில் தரும் திட்டம் ஒன்றைக் குவெஸ்ட் நிறுவனம் தொடங்கியபோதே வகுத்திருந்தது என்பது பாராட்டுக்குரியது. அப்படியும் அது பல சபைகள் கூடித் தூக்க வேண்டிய சுமைதான். பழைய செஸ்னா ஒன்றை இதன் விலையில் சிறு பகுதிக்கே வாங்கிவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. எரிபொருள் செலவையும், ஒரே நடையில் ஏற்றும் எடையையும், மிச்சமாகும் நடைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு முழுவதும் ஓயாமல் பறக்கும் இடத்தில் கோடியாக்கே மேல் என்பது என் முடிவு. மாதத்தில் சில நாள் மட்டும் பறக்கும் சிறிய பணித்தளத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விமானம் வாங்குவதற்காகக் காணிக்கை கேட்டு வருபவர்களிடம் சபையார் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த எஞ்சினைச் சுமார் 4,000 மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துச் சீரமைக்க வேண்டும். அதற்கான தொகை பெரியது. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்தத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறார்களா, பழுது பார்க்கும் மெக்கானிக் குடும்பத்துக்கு மாதக் காணிக்கை நிறைவாக வருகிறதா என்று கேட்க வேண்டும். வாங்கும் நாளில் விமானத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பலர் முன்வருவார்கள்; மெக்கானிக் குடும்பத்தின் மாதச் செலவுக்குத் தருபவர்கள் சிலரே கிடைக்கிறார்கள்.