இன்ஸ்டால் ஆனது, லாகின் ஆகவில்லை: மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா?

காரைக்குடி பழம்பொருள் கடையோ, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையோ, சரக்குக் கணக்கை எக்செல்லிலிருந்து மாற்ற நினைத்தால் முன்னால் வந்து நிற்பவை மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இந்த இரண்டு தரவுத்தள மென்பொருள்களும்தான். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் போட்டால் இரண்டுமே முதலில் வாசலிலேயே நிறுத்திவிடும். நிறுத்தும் விதம் வேறு.

மைஎஸ்க்யூஎல்லில் ரூட் (தலைமை நிர்வாகி) பெயரில் எந்த பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் 1698 என்ற பிழை வரும். பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து மாற்றி மாற்றிப் போடாதீர்கள். அங்கே பாஸ்வேர்டைப் பார்ப்பதே இல்லை. வந்திருப்பது லினக்ஸ் ரூட்தானா என்று மட்டும் பார்க்கும். ரூட் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டுவது சுடோ; 'சுடோ மைஎஸ்க்யூஎல்' என்று அடித்தால் சரி, திறந்துவிடும்.

தலைவலி அதற்கப்புறம்தான். நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் பேரைச் சொன்னால் போதாது, "எந்தக் கோவில்?" என்று கேட்பார்களே, இதுவும் அப்படித்தான். லோக்கல்ஹோஸ்டில், அதாவது தரவுத்தளம் இருக்கும் அதே கணினியில் இருந்து வரும் 'கடை' என்ற பயனர் ஒரு கணக்கு, கல்லாக் கணினியிலிருந்து வரும் 'கடை' வேறு கணக்கு. ஒன்றை மட்டும் உருவாக்கிவிட்டு மற்றது ஏன் நுழையவில்லை என்று பலர் முழிப்பது இதனால்தான். பழைய பில்லிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பு முதல் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையே மாறிவிட்டது. மென்பொருளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் கனெக்டரைப் புதுப்பிப்பதே வழி, 9.0இல் பழைய முறையை எடுத்தே விட்டார்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் அதே பெயருள்ள நிர்வாகியாக நுழையப் பார்த்தால் 'பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்று சொல்லும். லினக்ஸ் பயனர் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பதுதான் பியர். போஸ்ட்கிரெஸ் என்ற லினக்ஸ் பயனராக சுடோ மூலம் நுழைந்து பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். யார், எங்கிருந்து, எப்படி வரலாம் என்பதெல்லாம் 'பிஜி_எச்பிஏ.கான்ஃப்' என்ற ஒரே கோப்பில் இருக்கிறது. மேலிருந்து படிக்கும், முதலில் பொருந்தும் வரியே முடிவு, அது மறுத்தால் அடுத்த வரிக்குப் போகாது. புதிய வரியைக் கடைசியில் சேர்த்துவிட்டுப் புலம்புவதில் பயனில்லை.

சுடோ வழியையும் மாற்றிவிட்டு, நிர்வாகி பாஸ்வேர்டும் மறந்துபோனால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தி, அனுமதிச் சோதனை இல்லாமல் கிளப்புவதுதான் பலர் செய்வது. 8.0இல் அந்த நேரம் நெட்வொர்க் இணைப்பும் அடைபடும், கல்லாவில் பில் நிற்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் உள்ளூர் இணைப்புக்கான வரியை மட்டும் 'டிரஸ்ட்' (பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடு) ஆக்கி, ரீலோட் செய்து (நிறுத்தாமலே கோப்பை மறுபடி படிக்க வைத்து), பாஸ்வேர்டை மாற்றி, வரியைப் பழையபடி வைத்து மறுபடி ரீலோட் செய்தால் போதும். வியாபாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்காகவே என் ஓட்டு போஸ்ட்கிரெஸ்ஸுக்கு.

கடையில் ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் இரண்டுமே வேண்டாம். ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் போதும், அதில் லாகினே கிடையாது.