"100 விழுக்காடு ஹையலூரோனிக் அமிலம்" என்று விற்கப்படும் சீரம்: பணம் கட்டும் முன் பினாங்கு மக்கள் கவனிக்க வேண்டியவை

ஜார்ஜ்டவுனில் உள்ள ஓர் அழகு நிலையம், தூய ஹையலூரோனிக் அமிலம் (தோலில் நீரைப் பிடித்துவைக்கும் பொருள்) என்று சொல்லி, முகத்தில் தடவும் ஒரு திரவத்தை என் அண்ணிக்கு விற்றது. மூன்று குப்பிகளுக்கும் அவற்றோடு சேர்ந்த முகப் பராமரிப்புத் தொகுப்புக்குமாக அவரிடம் வாங்கிய தொகை 2,880 ரிங்கிட். அந்தத் திரவத்தால் அவர் முகம் சிவந்து, எரிந்து, தோல் உரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கிடைத்தது இன்னொரு தொகுப்பை வாங்கும்படியான அறிவுரைதான். புகார் நிலுவையில் இருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் விற்ற முறையை ஒளிவுமறைவின்றி எழுதுவது அவசியம் என்று அண்ணியும் நானும் கருதுகிறோம், ஏனென்றால் அதே முறையை வேறு எவரும் வேறு எந்த ஊரிலும் கையாள முடியும்.

அண்ணி பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்குள்ள தூய்மை அறையில் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். வெளியே பினாங்கின் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்போது, இத்தகைய அறைகளில் வழக்கமாக அதன் பாதியளவே இருக்கும். முழு உடையும் முகமூடியும் அணிந்து ஒரு முழு ஷிப்டு நின்று வேலை பார்ப்பவர்களுக்குக் கன்னமும் மூக்கோரமும் வறண்டு வெண்செதில் தோன்றுவது அங்கே எல்லோரும் அறிந்த தொல்லை. எனவே அவர் தேடிப் போனது தேவையற்ற அலங்காரத்தை அன்று. நாள்தோறும் அனுபவிக்கும் ஒரு சிரமத்துக்குத் தீர்வை. முகநூலில் வந்த 38 ரிங்கிட் சோதனை முகப் பராமரிப்பு விளம்பரத்தைப் பார்த்துத்தான் அவர் அந்த நிலையத்துக்குச் சென்றார்.

அங்கே முதலில் பேனா போன்ற ஒரு கருவியை அவர் கன்னத்தில் வைத்தார்கள். திரையில் 21 விழுக்காடு என்று காட்டியது. "அக்கா, இது ஐம்பது வயதுக்காரங்க தோல் மாதிரி இருக்கு" என்று அந்தப் பணிப்பெண் கவலையோடு சொன்னாராம். அண்ணிக்கு வயது முப்பத்து நான்கு. பிறகு அந்தச் சீரத்தைச் சில துளிகள் தடவி, கைகளால் ஒற்றி எடுத்துவிட்டு, மீண்டும் கருவியை வைத்தபோது எண் 58 ஆகியிருந்தது. இது அமிலம் உள்தோலுக்குள் இறங்கிவிட்டதற்கான ஆதாரம் என்றும், மூன்று குப்பிகளையும் முடித்துவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்குத் தோலில் நீர்ச்சத்து குறையாது என்றும் உறுதியளித்தார்கள். அன்றைக்கே கையெழுத்திட்டால் மட்டுமே அந்த விலை என்ற நெருக்கடியும் தரப்பட்டது. கடன் அட்டையில் தவணை முறையில் பணம் கட்டப்பட்டது.

இந்த விற்பனையின் உயிர்நாடி அந்தக் கருவிதான் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தகைய கருவிகள் தோலின் மேற்பரப்பில் மின்சாரம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அளந்து, அதைக்கொண்டு ஈரத்தைக் கணிக்கின்றன. தோலின் மேல் எந்த ஈரம் இருந்தாலும் எண் ஏறும். ஆய்வுக்கூடங்களில் இதே அடிப்படையில் இயங்கும் தரமான கருவிகளைப் பயன்படுத்தும்போது, முகத்தைக் கழுவிய பின் வெப்பமும் ஈரப்பதமும் நிலையாக உள்ள அறையில் சிறிது நேரம் அமரவைத்து, தோல் அந்த அறைக்குப் பழகிய பிறகே அளவெடுப்பார்கள். அங்கே கிடைக்கும் எண்கூட ஓர் ஒப்பீட்டு அலகேயன்றித் தோலில் இத்தனை விழுக்காடு நீர் இருக்கிறது என்பதாகாது. ஈரமான திரவத்தைத் தடவிய சில நிமிடங்களில் அதே இடத்தில் எடுக்கும் அளவு, அந்தத் திரவம் இன்னும் காயவில்லை என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. இணையத்தில் சில பத்து ரிங்கிட்டுக்கு விற்கப்படும் அத்தகைய ஒரு பேனாக் கருவியை வாங்கி, என் கன்னத்தில் வெறும் குழாய்த் தண்ணீரைத் தொட்டுவைத்து அளந்து பார்த்தேன். அழகு நிலையத்தில் சீரத்துக்குக் கிடைத்த அதே வகையான ஏற்றம் தண்ணீருக்கும் கிடைத்தது.

"100 விழுக்காடு தூய்மை" என்ற வாசகமும் ஆராயத்தக்கது. ஹையலூரோனிக் அமிலம் 1934ஆம் ஆண்டில் கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகிய இருவரால் மாட்டின் கண்ணிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அழகுப்பொருள்களுக்காகப் பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படும் இது, வெண்மையான தூள் வடிவில் கிடைக்கும் பொருள். நீரில் ஒரு விழுக்காட்டு அளவு கலந்தாலே, மூலக்கூறு பெரிதாக இருந்தால், கரைசல் கொழகொழப்பாகிவிடும். நல்ல சீரங்களில்கூட இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இருப்பது அரிது. முழுக்க முழுக்க அந்த அமிலமே உள்ள ஒரு பொருளைச் சொட்டுக்குழாயில் எடுத்துத் துளித்துளியாக விட இயலாது. ஆகவே குப்பியில் ஒட்டியிருந்த அந்த வாசகம், உள்ளே எது இருந்தாலும் உண்மையாக இருக்க வழியில்லை.

உள்தோல் வரை இறங்கும் என்ற கூற்றும் இதே தரத்ததுதான். நலமான தோலின் மேலடுக்கு ஏறத்தாழ 500 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) எடைக்குட்பட்ட சிறு மூலக்கூறுகளையே எளிதாக உள்ளே விடும் என்பது தோலியலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். ஹையலூரோனிக் அமிலத்தின் மூலக்கூறு பத்து இலட்சம் டால்டனையும் தாண்டக்கூடியது. சிறு துண்டுகளாக்கி விற்கப்படும் வகைகள்கூடப் பல ஆயிரம் டால்டன் எடையுள்ளவை. அவை சற்று ஆழமாகச் செல்லலாம் என்று காட்டும் ஆய்வுகள் இருந்தாலும், ஐந்து ஆண்டுகள் தங்கும் என்பதற்கு இடமே இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் இயல்பாகவே இருக்கும் 15 கிராம் அளவிலான ஹையலூரோனிக் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் சிதைந்து புதிதாக உருவாகிறது. உடலே நாள்தோறும் மாற்றிக்கொள்ளும் ஒரு பொருளை மூன்று குப்பிகளால் ஆண்டுக்கணக்கில் சேமித்துவைக்க முடியும் என்று சொல்வது, வாங்குபவரின் அறியாமையின் மேல் பணம் பண்ணுவதாகும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதல் சில நாள்கள் அண்ணியின் முகம் பளபளப்பாகவே இருந்தது. பிறகு கன்னங்கள் சிவந்தன. காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் நேரத்து வெயில் பட்டாலே எரிச்சல் எடுத்தது. வாயோரத்திலும் மூக்கோரத்திலும் தோல் தாள்தாளாக உரிந்தது. புலனத்தில் (வாட்ஸ்அப்) நிலையத்துக்குப் படம் எடுத்து அனுப்பியபோது, உள்ளே இருக்கும் நச்சு வெளியேறுகிறது, நிறுத்தினால் பாதியில் விட்டதுபோல் ஆகிவிடும், இன்னும் இரண்டு துளி கூடுதலாகப் போடுங்கள் என்று பதில் வந்தது. இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: முகம் எரியும்போது அளவைக் கூட்டச் சொல்பவரிடம் அதற்குமேல் ஆலோசனை கேட்காதீர்கள்.

தோல் மருத்துவர் அண்ணியிடம் முதலில் கேட்டது, குப்பியின் மேல் சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்பதுதான். இல்லை. ஹையலூரோனிக் அமிலம் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும் பொருள் என்றும், அது மட்டுமே இருந்திருந்தால் இப்படி உரிவதற்குக் காரணம் குறைவு என்றும் அவர் விளக்கினார். வெயிலில் எரிந்து தாள்தாளாக உரிவது, முகப்பருவுக்குத் தரப்படும் டிரெட்டினோயின் போன்ற மருந்துகளால் ஏற்படக்கூடியது. தொடக்கத்தில் முகம் பளிச்சென்று தெளிந்து பின்னர் சிவப்பது, ஸ்டீராய்டு கலந்த பொருள்களிலும் காணப்படுவது. எது என்பதைச் சோதனை செய்யாமல் தம்மால் உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் அவர் தெளிவாகக் கூறினார். நானும் அதற்கு மேல் எதையும் இங்கே சாட்டவில்லை. ஆயினும் டிரெட்டினோயின், தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு வகையான பீட்டாமெத்தசோன், பாதரசம் ஆகியவை கலந்திருந்த காரணத்தால் அழகுப்பொருள்கள் தடைசெய்யப்பட்ட செய்திகளைச் சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. இவற்றில் டிரெட்டினோயின் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தத்தக்க மருந்து. கருவுற்றிருப்போர் தவிர்க்க வேண்டியதும்கூட. கருத்தரிக்கும் எண்ணமுள்ள ஒரு பெண், வெறும் நீர்ச்சத்துச் சீரம் என்று நம்பி அப்படிப்பட்ட ஒன்றை அறியாமல் தடவிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

மலேசியாவில் விற்கப்படும் ஒவ்வோர் அழகுப்பொருளும், 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, என்பிஆர்ஏ என்று அழைக்கப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு எண் "என்ஓடி" என்று தொடங்கி, ஒன்பது இலக்கங்களைக் கொண்டு, "கே" என்ற எழுத்தில் முடியும். எண் தெரியாவிட்டாலும் பொருளின் பெயரை அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அண்ணி வாங்கிய சீரத்தின் பெயர் அங்கே இல்லை. சேர்மானங்கள், தயாரிப்புத் தொகுதி எண், தயாரித்த நாடு, பொருளுக்குப் பொறுப்பான நிறுவனத்தின் பெயரும் முகவரியும் ஆகியன சிட்டையில் இருக்க வேண்டியவை. குப்பியிலோ அழகு நிலையத்தின் முத்திரை மட்டுமே இருந்தது. "கேகேஎம் அங்கீகாரம் பெற்றது", அதாவது சுகாதார அமைச்சின் அங்கீகாரம் பெற்றது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அறிவிப்பு எண் இருக்கும் பொருளுக்குக்கூட அந்த வாசகம் பொருந்தாது, ஏனெனில் அறிவிப்பு என்பது நிறுவனம் தானே அளிக்கும் உறுதிமொழியே தவிர, அமைச்சு அதைச் சோதித்துப் பார்த்து நல்கிய சான்றிதழ் அன்று.

ரசீதில் "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று அச்சிடப்பட்டிருப்பதைக் காட்டி நிலையத்தார் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளை இத்தகைய ஒரு வரியால் பறிக்க முடியாது. அச்சட்டத்தின் 6ஆவது பிரிவே அதைத்தான் சொல்கிறது. விற்கும்போது சொன்ன விவரிப்போடு பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 34ஆவது பிரிவு. இன்னும் பெறாத முகப் பராமரிப்புகளைப் பொறுத்தவரை, எதிர்காலச் சேவைக்கான ஒப்பந்தத்தை இடையில் முறித்துக்கொள்ளும் உரிமையும் சட்டத்தில் உண்டு. அண்ணி பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முதலாம் எண் பாரத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். பாரம் சென்றடைந்த பிறகு நிலையத்திலிருந்து அழைத்து, பாதித் தொகையைத் தருகிறோம், புகாரை மீட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அண்ணி மறுத்துவிட்டார். தவணை இன்னும் மாதந்தோறும் கழிந்துகொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஹையலூரோனிக் அமிலத்தையே வெறுக்க வேண்டியதில்லை. மருந்தகத்தில் சேர்மானப் பட்டியலோடும் முகவரியோடும் 40, 50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சீரங்கள் இருக்கின்றன. பட்டியலில் பெரும்பாலும் சோடியம் ஹையலூரோனேட் என்று எழுதியிருக்கும். அது தோலின் மேலடுக்கில் நீரைப் பிடித்துவைத்து, வறட்சியால் தோன்றும் மெல்லிய கோடுகளைச் சில மணி நேரம் மங்கச் செய்யும்; அந்த அளவில் அது பயனுள்ளதே. முகம் கழுவி ஈரம் இருக்கும்போதே தடவி, உடனே அதன்மேல் சாதாரண ஈரப்பதக் கிரீம் ஒன்றைப் பூச வேண்டும். குளிரூட்டப்பட்ட வறண்ட அறையில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கிரீம்தான் முதன்மை, ஏனெனில் மூடி இல்லாத ஈரம் விரைவில் ஆவியாகிவிடும். மருத்துவர் அண்ணிக்கு இப்போது எழுதிக் கொடுத்திருப்பதும் வாசனை சேர்க்காத ஒரு கிரீமும் சூரிய ஒளித் தடுப்புக் கிரீமும்தான். சிவப்பு குறைந்து வருகிறது. வாயோரத்தில் கருமை படிந்திருக்கிறது, அது மறையக் காலமாகும் என்கிறார்கள்.

அழகு நிலையத்தின் முத்திரை மட்டும் ஒட்டிய, சேர்மானப் பட்டியல் இல்லாத சீரக் குப்பி உங்களிடமும் இருந்தால், பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். ஆனால் குப்பியைத் தூக்கி எறியாதீர்கள். மிச்சமுள்ள திரவத்தோடு அதையும், ரசீதையும், அவர்கள் அனுப்பிய புலனச் செய்திகளின் படங்களையும் பத்திரப்படுத்தி, பினாங்கு மாநிலச் சுகாதாரத் துறையின் மருந்தக அமலாக்கப் பிரிவில் ஒப்படையுங்கள். எப்படிப் புகாரை எழுதுவது என்று தெரியாதவர்களுக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே வழிகாட்டுவார்கள். நடுவர் மன்றத்துக்குச் செல்ல நேர்ந்தால், கோரிக்கைக்குக் காரணமான நிகழ்வு நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும்.