தெருக்கோடியில் கல்வாழைப் படுகை: நாலைந்து வருட அனுபவம்

பள்ளிகொண்டா பக்கம், பாலாற்றை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. பாதாளச் சாக்கடை எல்லாம் இங்கே இப்போதைக்கு வராது. முப்பது சொச்சம் வீடுகளின் குளியல், சமையல், துவையல் தண்ணீர் மொத்தமும் தெருக்கோடியில்தான் தேங்கும். 2020 வாக்கில் அங்கே ஊராட்சி ஒரு சுத்திகரிப்பு அமைப்பு கட்டியது.

மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. கால்வாய்த் தண்ணீர் கம்பி வலையைத் தாண்டி வண்டல் தொட்டியில் விழும். மண்ணும் சோற்றுப் பருக்கையும் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுத் தண்ணீர் மட்டும் ஜல்லிப் படுகைக்குப் போகும். படுகை முழுக்கக் கல்வாழை, கடைசியில் உறிஞ்சு குழி. செடிதான் சுத்தம் செய்கிறது என்று ஊரில் பேச்சு. உண்மையில் பெரும்பாலான வேலை ஜல்லியில் வழவழவென்று ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களுடையது, செடி ஒத்தாசைக்கு.

கொசு நன்றாகவே குறைந்தது. தண்ணீர் ஜல்லிக்கு அடியிலேயே ஓடுவதால் சாக்கடையில் முட்டையிடும் க்யூலெக்ஸுக்கு இடமில்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நல்ல தண்ணீர்க் கொசு. மூடாத தொட்டியும் பழைய டயரும் இருக்கிற வரை அது இருக்கும், இந்தப் படுகையைக் குறை சொல்லிப் பயனில்லை.

தலைவலி வண்டல் தொட்டிதான். வலையில் சிக்கும் முடியையும் ஷாம்பு பாக்கெட்டையும் தூய்மைக் காவலர் அக்கா ஒழுங்காக எடுத்துவிடுகிறார். தொட்டியின் கான்கிரீட் மூடியைத் தூக்க இரண்டு ஆண்கள் வேண்டும். அதனாலேயே தொட்டியில் சேறு அள்ளும் வேலை தள்ளிப்போகிறது, சேறு ஜல்லிக்குள் இறங்குகிறது, அப்புறம் படுகைக்கு மேலே தண்ணீர் நின்று நாற ஆரம்பிக்கிறது. ஒரு விஷயம் கவனித்தேன்: மாடு வைத்திருக்கும் வீடுகளில் கழனித்தண்ணீர் மாட்டுக்குப் போய்விடுவதால் அவர்கள் பக்கக் கால்வாயில் சோற்று நாற்றமே இருக்காது.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போனபோது நிலத்தடி நீர் மேலே ஏறி, உறிஞ்சு குழி உறிஞ்சுவதை நிறுத்தியது. அதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன். மண்ணே நிறைந்திருந்தால் குழி என்ன செய்யும்? தண்ணீர் மட்டம் இறங்கியதும் தானாகச் சரியானது. ஆற்றோர மணல் வேகமாகக் குடிக்கும், அதே வேகத்தில் பக்கத்துக் கிணற்றுக்கும் அழுக்கைக் கொண்டுபோகும். குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருந்தால் குழிக்கு வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறு விஷயத்தில். செப்டிக் டேங்கை உறிஞ்சி எடுக்கும் லாரிக்கான காசை மிச்சம் பிடிக்க ஒரு வீட்டில் செப்டிக் டேங்க் வழிவை ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாயில் இணைத்துவிட்டார்கள். இந்தப் படுகை கழிப்பறைத் தண்ணீருக்குக் கட்டியதே இல்லை. தெருவே கூடிச் சத்தம் போட்டதும் அடைத்தார்கள். டேங்குக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013 முதல் சட்டமே இருக்கிறது. லாரியைக் கூப்பிடுவதுதான் வழி.

இப்போது படுகையின் முன்பக்க ஜல்லி அடைத்துக்கொண்டு வருகிறது. மழைக்கு முன்னால் எடுத்துக் கழுவிப் போடச் சொல்லி ஊராட்சியில் கேட்டிருக்கிறோம். புதிதாகக் கட்டுகிறவர்கள் வண்டல் தொட்டியை இரண்டாகக் கட்டுங்கள், ஒன்றைச் சுத்தம் செய்யும்போது இன்னொன்று ஓடும். மூடி மட்டும் தனி ஆள் தூக்குகிற எடையில், துண்டு துண்டாக, கைப்பிடியோடு இருக்கட்டும்.