சி மொழியின் ஸ்ட்ரக்ட்: பல வருடம் பழகியும் ஆறாத எரிச்சல்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி நேற்று கேட்டார்: “அண்ணா, என் ஸ்ட்ரக்ட்டில் மூன்றே உறுப்புகள், கூட்டினால் 10 பைட்தான். அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் ஏன் 24 என்கிறது?”

ஸ்ட்ரக்ட் என்றால் பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் அமைப்பு. அவர் எழுதியிருந்தது ஒரு கேர் (ஓர் எழுத்து, 1 பைட்), ஒரு டபுள் (தசம எண், 8 பைட்), மறுபடி ஒரு கேர். 64 பிட் லினக்ஸில் டபுள், 8-ஆல் வகுபடும் முகவரியில்தான் உட்காரும். அதனால் முதல் கேருக்குப் பின் 7 பைட் வெற்றிடம், கடைசியில் இன்னொரு 7. டபுளை மேலே ஏற்றினால் 16-ஆகக் குறையும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியே (கம்பைலர்) இப்படி மாற்றி அடுக்க முடியாது. அறிவித்த வரிசையிலேயே உறுப்புகள் இருக்க வேண்டும் என்பது சி-யின் விதி. ரஸ்ட் மொழி தானாகவே மாற்றிக்கொள்கிறது.

இடம் வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒப்பிடுதல். ஒரு ஸ்ட்ரக்ட்டை இன்னொன்றுக்கு அப்படியே சமக்குறி போட்டு நகலெடுக்கலாம். இரண்டும் ஒன்றா என்று இரட்டைச் சமக்குறி போட்டால் பிழை. நினைவகத்தைப் பைட் பைட்டாக ஒப்பிடும் மெம்கம்ப்பை நம்பவும் வழியில்லை. வெற்றிடத்தில் கிடக்கும் குப்பையையும் சேர்த்தே அது ஒப்பிடும்; உறுப்புகள் அனைத்தும் ஒன்றாக இருந்தும் ‘வேறு’ என்று சொல்லிவிடும். ஆகவே ஒவ்வொரு உறுப்பாகக் கையால் ஒப்பிட்டு எழுத வேண்டும். பிறகு யாராவது புதிய உறுப்பைச் சேர்த்துவிட்டு அந்த ஒப்பிடும் செயற்கூறை (ஃபங்ஷனை) திருத்தாமல் விட்டால், தொகுப்பி வாயே திறக்காது. கோ மொழியில், ஒப்பிடத்தக்க உறுப்புகள் மட்டும் இருந்தால் இரட்டைச் சமக்குறியே போதும். இத்தனை வருடத்தில் சி-க்கு இதைக் கொடுத்திருக்கக் கூடாதா?

நல்லதையும் சொல்ல வேண்டும். சி-யின் 1999 தரத்தில் வந்த, உறுப்பின் பெயர் சொல்லித் தொடக்க மதிப்பு கொடுக்கும் வசதி எனக்கு உயிர். வேண்டியதை மட்டும் புள்ளி வைத்துக் குறிப்பிட்டால் மீதி எல்லாம் பூஜ்ஜியமாகிவிடும். ஸ்ட்ரக்ட் வந்த பிறகுதான் 1973-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருவையே (கெர்னல்) சி-யில் மாற்றி எழுத முடிந்தது. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் வேலைக்கு இன்றும் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

ஆனாலும் இன்று கேட்டால், தரவுப் பதிவுகள் நிறைந்த புதிய திட்டத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தம்பியிடம் சொன்னது ஒன்றுதான்: ஸ்ட்ரக்ட்டை அப்படியே கோப்பில் எழுதாதீர்கள். அவருடைய அந்த அமைப்பு 32 பிட் எக்ஸ்86 லினக்ஸில் 16 பைட். அங்கே எழுதிய கோப்பை 64 பிட்டில் படித்தால் முதல் பதிவிலேயே டபுளின் மதிப்பு தப்பாக வரும். உறுப்பு உறுப்பாக எழுதுங்கள்.