நுரையீரல் நாட்யூலுக்கு லூயிவில் மூச்சுப் பரிசோதனை: எதுவரை நம்பலாம்?

சிடி ஸ்கேனில் எட்டு, பத்து மில்லிமீட்டரில் ஒரு நாட்யூல், அதாவது நுரையீரலில் சிறு முடிச்சு, தெரிந்துவிட்டால் அடுத்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஊசி குத்தாமல் இது புற்றா இல்லையா என்று சொல்ல முடியாதா? நியாயமான கேள்வி. 2011-இல் வெளியான அமெரிக்க தேசிய நுரையீரல் ஸ்கிரீனிங் (அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடும் சோதனை) ஆய்வில், சிடியில் சந்தேகம் என்று வந்தவற்றில் 96 சதவீதத்துக்கு மேல் புற்றே இல்லை. சோதிக்கத் திசு எடுக்கும் பயாப்சி ஊசி நுரையீரலைத் துளைத்தால் காற்றுக் கசிந்து நெஞ்சுக்குள் தேங்குவதும் உண்டு.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் இதற்காகவே ஒரு மூச்சுப் பரிசோதனையை உருவாக்கினார்கள். மூச்சிலுள்ள பொருள்களைச் சில்லில் பிடித்துப் பிரிக்கும் முறையில் எங்களுக்குக் குறையே தெரியவில்லை. ஆனால் ‘பயமில்லை’ என்று அது சொன்னால், அதை மட்டும் நம்பி அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

நோயாளிக்கு வேலை குறைவு. ஒரு லிட்டர் டெட்லர் என்ற பிளாஸ்டிக் பையில் ஒரு மூச்சை ஊதினால் போதும். பம்பு அந்தக் காற்றை ஒரு சிறிய சிலிக்கான் சில்லின் வழியே மெல்ல இழுக்கும். சில்லுக்குள் ஆயிரக்கணக்கான நுண்தூண்கள். அவற்றின் மேல் அமினோஆக்ஸி வகைப் பூச்சு. ஆல்டிஹைடும் கீட்டோனும் அந்தப் பூச்சோடு வினைபுரிந்து அங்கேயே தங்கிவிடும், நைட்ரஜனும் ஆக்சிஜனும் கடந்து போய்விடும். தங்கியதை மெத்தனாலால் கழுவி எடுத்து மூலக்கூறுகளை நிறை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பார்கள். பார்ப்பது நான்கு பொருள்கள்: 2-பியூட்டனோன், 3-ஹைட்ராக்ஸி-2-பியூட்டனோன், ஹைட்ராக்ஸி அசிட்டால்டிஹைடு, 4-ஹைட்ராக்ஸி ஹெக்சினல். மூச்சில் இவை நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில்தான் இருக்கும். பூச்சு இவற்றைப் பிடித்து ஒரே இடத்தில் சேர்ப்பதால்தான் அளக்கவே முடிகிறது.

2014-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: நான்கில் மூன்றோ நான்குமோ உயர்ந்திருந்தால் 95 சதவீதம் புற்று, எதுவும் உயராவிட்டால் 80 சதவீதம் தீங்கற்றது. முதல் எண் கண்ணைப் பறிக்கிறது. நாட்யூலோடு வருகிறவருக்கு வேண்டியதோ இரண்டாவது எண். ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பும் ஐந்து பேரில் ஒருவருக்குப் புற்று இருக்கலாம் என்றால், அந்த ஒருவரை விட்டுவிட முடியாது.

95-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆய்வில் மூச்சுக் கொடுத்த நோயாளிகளில் புற்று உள்ளவர்களே அதிகம். ஸ்கிரீனிங்கில் நிலைமை தலைகீழ். புற்று அரிதாக உள்ள கூட்டத்தில் அதே பரிசோதனையைச் செய்தால் பொய் எச்சரிக்கைகள் பெருகி 95 சரியும். கருவி கெட்டுப்போவதால் அல்ல, கணக்கே அப்படி. இன்னொன்று: லூயிவில் இருக்கும் ஓஹியோ ஆற்றுப் படுகையில் ஹிஸ்டோப்ளாஸ்மா என்ற பூஞ்சை நுரையீரலில் வடு முடிச்சுகளை விட்டுச்செல்லும்; திசு எவ்வளவு சர்க்கரையை உறிஞ்சுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் அவையும் புற்றுபோலவே ஒளிரக்கூடும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது காசநோய். அங்கே கிடைத்த எண்ணைக் காசநோய் முடிச்சுக்குப் பொருத்துவதற்கு முன் இங்குள்ள நோயாளிகளிடம் தனியாகச் சோதித்தாக வேண்டும்.

முடிவு பிசகுவது பெரும்பாலும் பையில்தான். 2-பியூட்டனோன் சிகரெட் புகையிலும் உண்டு, பெயின்ட் கரைப்பானிலும் உண்டு. புதிதாக வர்ணம் அடித்த அறையில் ஊதினால் அறையின் காற்றையும் சேர்த்தே அளக்கிறோம். அதனால் அறைக் காற்றையும் ஒரு பையில் பிடித்து ஒப்பிட வேண்டும். மூச்சின் முதல் 150 மில்லி வாயிலும் மூச்சுக்குழாயிலும் தேங்கிய காற்று. நுரையீரலின் ஆழத்திலிருந்து வருவது அதற்குப் பிறகுதான். ஈரம் பைச் சுவரில் துளியாகப் படிந்தால் நீரில் கரையும் பொருள்கள் அதில் சிக்கும். பையை நாள்கணக்கில் வைத்திருப்பதும் கூடாது.

இந்த இடத்தில் இங்கிலாந்தின் ஆவுல்ஸ்டோன் நிறுவனத்தின் ரெசிவா முகக்கவசம் ஒரு படி மேல். கார்பன் டை ஆக்சைடையும் அழுத்தத்தையும் பார்த்து மூச்சின் வேண்டிய பகுதியை மட்டும், அதிலுள்ள பொருள்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குழாய்களில் சேர்க்கிறது. சுவாசிக்கச் சுத்திகரித்த காற்றையும் தரலாம். நெதர்லாந்தின் ஏயோநோஸ் கருவி கையடக்கமானது, ஐந்து நிமிடம் அதில் சுவாசித்தால் போதும். ஆனால் அது தருவது சென்சார்கள் சேர்ந்து காட்டும் மொத்த வடிவம்தான். எந்தப் பொருள் உயர்ந்தது என்று சொல்லாது.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு: நாட்யூலை எப்படிப் பின்தொடர்வது என்று சொல்லும் 2017 ஃப்ளைஷ்னர் வழிகாட்டியில் மூச்சுப் பரிசோதனைக்கு இடமில்லை. தற்செயலாகத் தெரிந்த ஒற்றைத் திட நாட்யூல் 6 முதல் 8 மில்லிமீட்டர் என்றால் 6–12 மாதத்தில் மறு சிடி. 8-ஐத் தாண்டினால் மூன்று மாதத்தில் சிடி, அல்லது பெட், அல்லது பயாப்சி என்று யோசிக்கச் சொல்கிறது. யாராவது மூச்சுப் பரிசோதனையைக் கட்டணத்துக்குச் செய்து தருவதாகச் சொன்னால், ‘இல்லை’ என்று வந்த பிறகு எத்தனை பேருக்குப் புற்று தெரிந்தது என்று முதலில் கேளுங்கள்.

லூயிவில் முறை எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவது வேறிடத்தில். புற்றை அறுத்தெடுத்த பிறகு நான்கில் மூன்று பொருள்கள் இயல்பு அளவுக்கு இறங்கியதை அதே குழு காட்டியிருக்கிறது. அங்கே ஒருவரின் மூச்சை அவருடைய பழைய மூச்சோடுதான் ஒப்பிடுகிறோம். ஆளுக்கு ஆள் மாறும் உணவும் உடல்வாகும் குறுக்கே வருவது குறையும். அறுவைக்கு முன் ஒரு பை, பின் சில மாதங்களுக்கு ஒரு பை என்று எடுத்து, இறங்கிய அளவு மறுபடி ஏறினால் சிடியை முன்கூட்டியே எடுக்கலாமா என்பதை அடுத்து சோதிக்க வேண்டும்.