தாழ்ப்பாள் படத்தை நம்பி ஏமாந்தேன்: கோழிகளை இரவில் பிறர் பொறுப்பில் விடுபவர்களுக்கு

நான்கு இரவுகள் வெளியூரில் தங்க வேண்டிய வேலை. வீட்டின் பின்புறம் ஏழு முட்டைக்கோழிகள். "கோழி வளர்த்த அனுபவம் உண்டு" என்று சொன்ன ஒருவரிடம் முழுப் பணத்தையும் முன்னதாகவே கொடுத்து, மாலையில் கூண்டை அடைப்பதையும் விடிந்ததும் திறப்பதையும் ஒப்படைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கூண்டில் இருந்தவை நான்கு.

பணத்தை வாங்கிக்கொண்டு அவர் வராமல் இருந்திருந்தால் திட்டுவதாவது எளிது. நான்கு மாலையும் வந்திருக்கிறார். கதவில் தாழ்ப்பாள் விழுந்திருப்பதைப் படம் பிடித்து அனுப்பினார்; நானும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் படத்தில்தான் ஏதோ உறுத்தியது. கூண்டின் கூரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லியிருந்ததோ இருட்டிய பிறகு அடைக்க வேண்டும் என்று. கேட்டதற்கு, "இன்று மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டேன், எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன" என்றார். முந்தைய இரண்டு படங்களையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் அதே வெயில். அப்போதே பக்கத்து வீட்டாரைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருடைய பேச்சை நம்பிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதால் நம்பினேன். வேறு காரணம் கிடையாது.

கோழிக்கு அடையும் நேரம் என்று ஒன்று உண்டு. வெளிச்சம் மங்க மங்க அது தானாகவே கூண்டுக்குப் போய்க் கட்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் போவதில்லை. மற்றவற்றிடம் கொத்து வாங்கும் கோழி, அவை இடம் பிடித்து அடங்கும்வரை வெளியிலேயே சுற்றும். வெயில் இருக்கும்போது கதவைச் சாத்தினால், முட்டையிடவோ தண்ணீர் குடிக்கவோ தற்செயலாக உள்ளே போனவை மட்டுமே அடைபடும். மற்றவை சாத்திய கதவின் முன்னால் வந்து நிற்கும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பூனையோ கீரியோ நரியோ வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட அதற்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் காலை நன்றாக வெயில் ஏறிய பிறகு வந்து சேர்ந்தேன். கதவு அப்போதும் சாத்தியே இருந்தது. தண்ணீர்த் தட்டு காய்ந்து கிடந்தது. கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. கட்டைக்கு மேலே, காற்றுப் போக விட்டிருந்த திறப்புகளில் சாக்கைத் திணித்து அடைத்திருந்தார். கோழிகளுக்குக் குளிருமாம். இரவு முழுவதும் அவை விடும் மூச்சின் ஈரமும் கீழே விழும் எச்சமும் சேர்ந்து, காற்றுப் போகாமல் அடைபட்ட கூண்டை அம்மோனியா நெடியால் நிரப்பிவிடும். சிறகு உலர்ந்திருந்தால் கோழி குளிரைத் தாங்கும். ஈரமும் நெடியுமாக நிற்கும் காற்றைத் தாங்காது. அனுபவம் உள்ளவருக்கு இது தெரியாதா?

வேலியோரம் ஓரிடத்தில் சிறகுகள் குவியலாகக் கிடந்தன. இன்னொரு கோழி போன சுவடே இல்லை. மூன்றாவது மட்டும் மரக்கிளையில் உயிரோடு உட்கார்ந்திருந்தது. மாலையானால் கோழிகள் கூண்டு வாசலில் கூடிக் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

அந்த ஆளைக் கூப்பிட்டேன். "கோழிகள் தானாகவே உள்ளே போய்விடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றார். சொன்னேன்தான். திறந்திருக்கும் கதவு வழியாகப் போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டும் என எனக்குத் தோன்றவில்லை. பணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கேட்டேன். "நான்கு நாளும் வந்தேனே, படம் இருக்கிறதே" என்று முடித்துவிட்டார். மறுநாள், அவருடைய வேலையைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி செய்தி வேறு வந்தது. இந்தப் பதிவையே அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யாரிடமாவது ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால் கதவின் படத்தைக் கேட்காதீர்கள். கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கோழிகளை, எண்ண முடிகிற மாதிரி, டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு மாலை அவரை வரவழைத்து, நீங்கள் சும்மா நின்று பாருங்கள். "ஒன்று மட்டும் உள்ளே வர மறுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். துரத்திப் பிடிப்பேன் என்று சொல்பவர் வேண்டாம். நன்றாக இருட்டும்வரை பொறுத்திருந்தால் கோழி அசையாமல் உட்கார்ந்திருக்கும், மெதுவாகத் தூக்கிக் கட்டையில் வைத்துவிடலாம் என்பது கோழி வளர்த்தவருக்குத் தெரிந்திருக்கும். வெளிச்சத்தை உணர்ந்து தானாக மூடும் கதவு வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அந்தக் கதவுக்கும் கோழிகளை எண்ணத் தெரியாது.

மரத்தில் தங்கிய கோழிக்கு அந்த இடம் பழகிவிட்டது. இன்னமும் மாலையில் கூண்டைத் திரும்பிப் பார்க்காமல் கிளைக்கே போகிறது. தினமும் இருட்டிய பிறகு நாற்காலி போட்டு ஏறி, அதை இறக்கிக்கொண்டு வருகிறேன்.